நத்தையைத் திருடியவன்

நூலகர் அம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. விலங்கியல் பேராசிரியரின் அறைக்குள் நுழைந்ததுமே பொரிந்து தள்ளினார்.

"சார், நூலகத்திலிருந்து வந்த மாதிரி ஒரு போலி மெயில் வந்துச்சே, அதுல உங்க பாஸ்வேர்டைப் போட்டீங்களா?"

"போட்டேனே. நீங்க கேட்டதாத்தான் நினைச்சேன்."

"போச்சு. எவனோ உங்க பேர்ல உள்ள புகுந்து, ஆன்லைன் ஆய்விதழ்களை அள்ளிட்டுப் போயிருக்கான். இப்படியே போனா அந்த இதழ்க்காரங்க காலேஜுக்கே இணைப்பைத் துண்டிச்சிடுவாங்க."

பேராசிரியரின் முகம் வெளிறியது. "எதையெல்லாம் எடுத்தான்?"

"புற்றுநோய், பேட்டரி, அப்புறம் நத்தையோட தூக்கத்தைப் பத்தி ஒரு கட்டுரை. அதை மட்டும் திரும்பத் திரும்பத் திறந்து பாத்திருக்கான்."

"நத்தையையா? நல்லாத் தெரியுமா?"

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா சார்?"

பேராசிரியர் ஜன்னலோரம் போய்த் திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பதறிய நூலகர் குரலைத் தணித்தார்.

"பாஸ்வேர்டை மாத்திட்டேன் சார். இனி அவனால நுழைய முடியாது. கவலைப்படாதீங்க."

திரும்பியவரின் முகமெல்லாம் சிரிப்பு.

"அந்தக் கட்டுரையை எழுதினது நான்தாம்மா. வெளிவந்து இத்தனை வருஷத்துல அதைப் படிச்ச முதல் ஆளு அவர்தான். ஏதாவது சந்தேகம் இருந்தா என்னைக் கேக்கச் சொல்ல வழியிருக்கா?"