சினிமா வகுப்பு வைவா

கல்லூரியில் என் முதல் செமஸ்டர் முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது சினிமா வகுப்பின் வைவா மட்டும்தான். அதில் தேறாவிட்டால் ஆறு மாதமும் பாழ். பேராசிரியர் அறை வாசலில் நின்றபோது, என் முழங்கால்கள் மோதிய சத்தம் மூன்று தெருவுக்காவது கேட்டிருக்கும்.

"நடுக்கத்தப் பாரு! அவரு என்ன புலியா?" என்று சிரித்தாள் வகுப்புத் தோழி.

"ஆறு மாசமா என்கிட்ட ஒரு கேள்விகூடக் கேக்கல. எல்லாத்தையும் இன்னிக்குன்னு சேத்து வெச்சிருக்காரு."

"ஏதாவது பகையா?"

"பழைய பகை. அவரு மறந்திருக்க மாட்டாரு."

பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனேன். பேராசிரியர் எழுந்து கதவைத் தாழிட்டார். என் உயிர் உள்ளங்காலுக்கு இறங்கிவிட்டது.

அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, என் முன்னால் கைகட்டி நின்றார்.

"முழு மார்க் போட்டுட்டேன் சார். அடுத்த செமஸ்டர் தயவுசெஞ்சு வேற பாடம் எடுத்துக்குங்க. எட்டாம் கிளாஸ்ல, சினிமாவுக்குப் போனேன்னு ஒரு வாரம் முட்டி போட வெச்சீங்களே... ரிட்டயராகியும் அந்த முறைப்பு போகல சார். நீங்க முதல் பெஞ்சுல உக்காந்தா எனக்குப் பாடமே மறந்துபோகுது!"