வாசலில் கூப்பிடும் பெயர்

துணைத் தூதரகத்தை மூடாதீர்கள் என்று கெஞ்ச வந்தவர்களில் கடைசியாக எழுந்தவள் தையல்காரம்மா. வாசலில் நின்ற காவலாளி தலையைக் குனிந்துகொண்டான்.

கடல் தாண்டி வந்திருந்த பெரிய அதிகாரி அதற்குள் களைத்துப்போயிருந்தார். மேல்படிப்புக்குப் போகிற பிள்ளைகள் பேசியாயிற்று. ஏற்றுமதி வியாபாரி மேசையைத் தட்டியும் பார்த்துவிட்டார். கல்லில் நார் உரிக்கிற வேலைதான்.

அத்தனை பேரையும் வீடு வீடாக ஏறி இறங்கித் திரட்டியவள் தையல்காரம்மா. தனக்கு இந்த இடம் எதற்கு என்று மட்டும் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

காவலாளிக்குத் தெரியும். அவனும் அதில் கூட்டு.

"உங்களுக்கு என்னம்மா கஷ்டம்? இனிமே எல்லாம் போன்லயே முடிஞ்சிடுமே?" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"போன்ல யாரு சார் என் புள்ள பேரைக் கூப்பிடுவாங்க?"

மொழிபெயர்ப்பாளருக்குப் புரியவில்லை. அவள் முதல் தடவையாக எல்லாவற்றையும் சொல்ல, அவர் அதை அதிகாரிக்கு மொழிபெயர்த்தார்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம். மனுவோடு யார் வந்து காத்திருந்தாலும், காரியம் யாருடையதோ அவர் பெயரைத்தான் வாசலில் கூப்பிடுவார்கள். மகனை அந்த நாட்டுக் கப்பலோடு கடல் விழுங்கிய பிறகு, அவன் பெயருக்கு எழுந்து எழுந்து உள்ளே போனவள் அவள்.

இறப்புச் சான்றிதழெல்லாம் வாங்கிக் காரியம் முடிந்து வருடக்கணக்காகிறது. அவள் வருவதை நிறுத்தவில்லை. வீட்டில் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை.

மனசு கேட்காமல், மற்ற பெயர்களுக்கு நடுவே காவலாளி அதையும் ஒரு தடவை கூப்பிட்டுவிடுவான். "இதோ வந்துட்டேன்" என்று எழுந்து, அவள் நேரே வீட்டுக்குப் போய்விடுவாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அதிகாரி முன்னால் இருந்த கோப்பை மூடிவைத்தார். வருத்தம்தான், ஆனால் இந்த மாதத்தோடு மூடுவதென்று மேலிடத்தில் முடிவாகிவிட்டது என்றார்.

தையல்காரம்மா அவரைப் பார்க்கவில்லை. காவலாளியைப் பார்த்தாள்.

என்ன கேட்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. பாவமாக இருந்தது. ஏனோ பயமாகவும் இருந்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டு, கூடம் முழுக்கக் கேட்கும்படி அந்தப் பெயரைக் கூப்பிட்டான்.

இந்தத் தடவை அவள் பதில் சொல்லவில்லை. யாரும் பேச வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, வாசலையே பார்த்தபடி காத்திருந்தாள்.

வாசலை அடைத்துக்கொண்டு நின்ற காவலாளி, தன்னையறியாமல் ஒதுங்கி வழிவிட்டான்.