கீரை போட்ட மாமியார்

வலிக்குப் போட்ட ஊசி அலமேலுவை மேகத்தின் மேல் ஏற்றிவிட்டிருந்தது. கீழே எங்கிருந்தோ அம்மாவின் குரல் வந்தது.

"என் பொண்ணு வயித்தைக் கிழிச்சாச்சு. இப்போ திருப்திதானே, சம்பந்தி?"

மெல்லக் கண்ணைத் திறந்தாள். ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே மோகா மலை பாதி கரைந்து பஞ்சாகத் தெரிந்தது. பக்கத்துத் தொட்டிலில், நேற்றுச் சாயங்காலம் ஆபரேஷன் செய்து எடுத்த மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டிலின் ஒரு பக்கம் அம்மா கண்ணம்மா. மறு பக்கம் மாமியார் காமாட்சி, தலை குனிந்தபடி.

தேர் ரூஜில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்கு வந்தபோதெல்லாம் தான் பார்த்ததை அம்மா வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். பிள்ளைத்தாச்சிப் பெண்ணின் தட்டில் கைப்பிடி சோறு. அதைச் சுற்றிக் குவியல் குவியலாகக் கீரை. வயிறாரச் சாப்பிட்டிருந்தால் தெம்பு இருந்திருக்கும். தெம்பு இருந்திருந்தால் தானாகவே பெற்றிருப்பாள். நான்கு பிள்ளை பெற்ற தனக்கு இதுகூடத் தெரியாதா?

பக்கத்துக் கட்டில் பெண்கள் காமாட்சியை ஏற இறங்கப் பார்த்தார்கள். ஒருத்தி உச்சுக்கொட்டினாள்.

"எங்க வீட்டுலதான் குறை, சம்பந்தி. மன்னிச்சுக்கணும்" என்றாள் காமாட்சி. குழந்தையின் ஈரத் துணிகளை அள்ளிக்கொண்டு அலசப் போய்விட்டாள்.

கேட்கட்டும், நன்றாகக் கேட்கட்டும் என்று நினைத்தாள் அலமேலு. அம்மாவிடம் புகார் சொன்னதே அவள்தான். பசிக்கிறது என்றால் கீரை, பருப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ஈரல். குமட்டும். விழுங்கி முடிக்கும்வரை மாமியார் எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். ஒரு தடவை அலமேலு ஈரலைப் பூனைக்கு வீசிவிட்டாள். மறுநாளே மறுபடி ஈரல் வந்தது.

கண் சொருகியது. கரும்புப் பூக்களின் மேல் குழந்தையோடு மிதந்து போனாள். வெள்ளை வெள்ளையாய்ப் பூக்கள், காலில் உரசிக்கொண்டு. விழித்தபோது அம்மா பஸ் பிடிக்கப் போயிருந்தாள். நர்ஸ் ரோஸ் அவள் கையைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரியாகச் சாப்பாடு போடாததால்தானே தன்னை அறுக்க வேண்டி வந்தது என்று தீவின் கிரியோல் மொழியில் கேட்டாள் அலமேலு.

ரோஸ் அவளை விநோதமாகப் பார்த்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஆறு மாதம் முன்னால் கிளினிக்குக்கு வந்தபோது அலமேலுவின் ரத்தம் வெளிறிக் கிடந்ததாம். கீரையும் பருப்பும் ஈரலும் கொடுக்கச் சொல்லி மாமியாரிடம் சொன்னது ரோஸ்தானாம். அந்த ரத்தம் ஊறாமல் இருந்திருந்தால், நேற்று கத்தியை எடுக்கவே டாக்டர் பயந்திருப்பாராம்.

"அப்புறம் ஏன் அறுத்தீங்க?"

"உன் இடுப்பெலும்பு குறுகல். சின்ன வயசிலேயே வளைஞ்சது. வளர்ற வயசில் பால், சத்து கிடைக்காத பிள்ளைகளுக்கு அப்படி ஆகும்னு டாக்டர் சொன்னார். இப்போ நீ எவ்வளவு சாப்பிட்டிருந்தாலும் குழந்தை அந்த வழியா வந்திருக்காது."

அலமேலு கண்ணை மூடிக்கொண்டாள். பிறந்த வீட்டு மாடு பனிக்குள் நின்றது. அம்மா பால் கறக்கிறாள். முக்கால் செம்பு தோட்டத்து மானேஜர் பங்களாவுக்கு. மிச்சம் தம்பிகளுக்கு. பெண்பிள்ளைக்குக் கஞ்சித்தண்ணி போதும் என்கிறாள். அதையேதான் அம்மாவும் குடிக்கிறாள்.

"இது அத்தைக்குத் தெரியாதா?"

"நேத்தே டாக்டர் எல்லாத்தையும் விளக்கிட்டார்."

"அப்புறம் ஏன் வாயைத் திறக்கல?"

ரோஸ் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

"உன் அம்மா முன்னாடி என்னையும் வாயைத் திறக்க விடல. 'சம்பந்தி என்னைத் திட்டினா ஆத்திரம் தீர்ந்து போயிடும். தன்னாலதான்னு தெரிஞ்சா பெத்தவளுக்குச் சாகும்வரை தூக்கம் வராது'ன்னு சொல்லி, என் கையைப் பிடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாங்க."