வாட்ச்மேனும் விடாக்கண்டனும்

“மறுபடியும் வந்துட்டான் மேடம்!”

கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து அவன் போட்ட கூச்சலில் மேனேஜர் அம்மா கையில் காபிக் கோப்பையோடு ஓடி வந்தார்.

கடை, பள்ளிக்கூடம், மருத்துவமனை என்று ஊரில் பாதிப் பேருடைய ஆன்லைன் பதிவு வேலைகள் அந்தக் கம்பெனியின் சர்வரில்தான் ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே யார் என்ன கடை விரித்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாது. அவன் வேலை வாசலோடு சரி. வெளியிலிருந்து வரும் இணைப்புகளில் எதை உள்ளே விடுவது, எதை விரட்டுவது என்று முடிவு செய்யும் புரோகிராமை எழுதியவன் அவன். அதனால் ஆபீஸில் அவனுக்கு ‘வாட்ச்மேன்’ என்றே பெயர். அந்தப் பெயரில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

“யாரு அது? என்ன வேணுமாம்?”

“தெரியல மேடம். ஒரே முகவரியிலிருந்து தட்டிக்கிட்டே இருக்கான். ஓயாம தட்டுறவனை உள்ள விடாதேன்னு நான் ஒரு சட்டம் போட்டு வெச்சிருக்கேன். அதனால, ‘இப்ப முடியாது, போயிட்டு வாங்க’ன்னு முறைப்படி சொல்லித்தான் இணைப்பை முடிக்கிறோம். அவனும் ‘சரி, போயிட்டு வரேன்’ங்கறான். அடுத்த நிமிஷமே வந்து நிக்கறான்!”

“போயிட்டு வாங்கன்னு சொன்னா வரத்தான் செய்வான். இவனுக்கெல்லாம் என்ன மரியாதை? மூஞ்சியில அடிச்ச மாதிரி அறுத்து விடுங்க.”

அவன் கீபோர்டில் படபடவென்று தட்டினான்.

“இதோ மேடம். இனிமே பேச்சே கிடையாது. அவன் கை வெச்சதும் படார்னு கதவைச் சாத்திடும்.”

சாத்தியது. மறுபடி வந்தான். மறுபடி சாத்தியது. மறுபடியும் வந்தான்.

“சே, மானம் ரோஷம் எதுவுமே கிடையாதா இவனுக்கு?” என்றார் மேனேஜர் அம்மா.

“புரோகிராமுக்கு ஏது மேடம் ரோஷம்? இதை எழுதினான் பாருங்க ஒருத்தன், அவனுக்கு இருக்கணும்.”

“இங்க பாருங்க. இவன் தொல்லையால சர்வரே திணறுது. நம்ம பெரிய வாடிக்கையாளர், சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணலன்னா வேற இடம் பாத்துக்கறேன்னுட்டார். நிறுத்திக் காட்டினா டீம் லீடர் நாற்காலி உங்களுக்கு. நிறுத்தலன்னா, இப்ப உக்காந்திருக்கற நாற்காலியும் சந்தேகம்தான்.”

அந்த நேரம் பார்த்து மனைவி போன் செய்தாள்.

“என்னங்க, அம்மா முட்டியைப் பிடிச்சிட்டு உக்காந்திருக்காங்க. தண்ணியில நடந்தாத்தான் வலி குறையும்னு டாக்டர் சொல்லி ஒரு வாரமாச்சு. நீச்சல் குளத்துல இடம் பிடிச்சுத் தரேன்னு நீங்கதானே வீராப்பா சொன்னீங்க?”

“அதான் ஆள் போட்டிருக்கேனே! கெட்டிக்கார ஆளு, காரியம் முடியாம திரும்ப மாட்டான். அத்தையைக் கவலைப்படாம இருக்கச் சொல்லு. இங்க எனக்குத் தலை போற வேலை!”

போனை வைத்துவிட்டு மேனேஜர் அம்மாவிடம் திரும்பினான்.

“இனிமே பதிலே சொல்லப் போறதில்ல மேடம். தட்டட்டும். தட்டித் தட்டிக் கை வலிச்சுத் தானா போயிடுவான்.”

திரை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. பக்கத்து மேசைக்காரர்கள்கூட எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். பிறகு திரை முழுக்கச் சிவப்பு.

“ஐயையோ! பதில் சொல்லலன்னா ரெண்டா வரான் மேடம்! இதோ நாலு! இப்ப எட்டு!”

“எந்த மடையன் எழுதினான் இதை?”

“சுத்தக் கத்துக்குட்டி மேடம். வாங்கின அடிக்குக் கொஞ்சம் ஆறப்போட்டு வரணும்னுகூடத் தெரியாத அவசரக்குடுக்கை. இவன் கையில கீபோர்டையே குடுக்கக் கூடாது.”

“அவன் மட்டும் கிடைக்கட்டும். நம்ம ஆபீஸ் வாசல்ல ஒரு நாள் பூரா நிக்க வெச்சு, வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேக்க வைக்கறேன்!”

“ஒரு நாள் போதாது மேடம். ஒரு வாரம் நிக்கட்டும்,” என்றான் அவன் தாராளமாக.

மேனேஜர் அம்மா யோசித்தார். ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தார்.

“விரட்ட விரட்டத்தானே வரான்? ஒரே ஒரு தடவை உள்ள விட்டுப் பாருங்க. என்னதான் வேணுமாம் அவனுக்கு?”

அவனுக்கு மனமே வரவில்லை. தான் போட்ட சட்டத்தைத் தானே தளர்த்துவதா? ஆனால் நாற்காலி ஞாபகம் வந்தது. கதவைத் திறந்தான்.

வந்தவன் சமர்த்தாக ஒரே ஆளாக உள்ளே போனான். கண்மூடித் திறப்பதற்குள் ஏதோ வேலையை முடித்தான். போயிட்டு வரேன் என்று முறைப்படி சொல்லிக்கொண்டு வெளியேறினான். அதற்குப் பிறகு வரவே இல்லை.

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தார்கள். ஒரு தட்டல்கூட இல்லை. ஆபீஸே கைதட்டியது.

“வாட்ச்மேன்னா வாட்ச்மேன்தான்! இந்த நிமிஷத்திலிருந்து நீங்கதான் டீம் லீடர்,” என்றார் மேனேஜர் அம்மா. அதற்குள் மேசைமேல் இருந்த போன் அடித்தது. “வீட்லேருந்தா? நல்ல சேதியை நானே சொல்றேன்” என்று அவரே ஸ்பீக்கரை அழுத்தினார்.

“என்னங்க, அம்மாவுக்குக் குளத்துல இடம் கிடைச்சிடுச்சு! நம்ம வீட்டுக் கம்ப்யூட்டர்ல நீங்க எழுதி ஓட விட்டுட்டுப் போன அந்த ஆளு, பதில் சொல்லலன்னா ரெண்டா நாலா போய்த் தட்டுவான்னு பீத்திக்கிட்டீங்களே, அவனை இப்பதான் உள்ள விட்டாங்களாம். கதவைத் திறந்த அந்தப் புண்ணியவான் நல்லா இருக்கணும்னு அம்மா சொல்லச் சொன்னாங்க!”