பெற்றோர் கையெழுத்து

“அப்பா, கையெழுத்துப் போடுங்கப்பா. எனக்கு முன்னால ரெண்டே பேருதான்.”

மகளுக்குப் பத்து வயது. தலையில் மஞ்சள் ஹெல்மெட், இடுப்பிலும் தொடையிலும் இறுக்கிக் கட்டிய பெல்ட். மேடைக்கு முன்னால் பள்ளத்தாக்கு வாயைப் பிளந்து கிடந்தது. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவே ஒரே ஒரு இரும்புக் கம்பி. அதில் கொக்கியை மாட்டித் தொங்கிக்கொண்டே சறுக்கிப் போக வேண்டும். பிள்ளைகள் போவதென்றால் அப்பாவோ அம்மாவோ ஒரு தாளில் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும்.

அப்பாவின் கையில் தாளும் இருந்தது, பேனாவும் இருந்தது. கைதான் நகரவில்லை. கம்பி கட்டியிருந்த தூணையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கம்பி எப்ப மாத்துனதுங்க?” என்று கொக்கி மாட்டுகிறவரிடம் கேட்டார்.

“நான் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆச்சு சார். அப்பலேருந்து இதே கம்பிதான். கல்லு மாதிரி இருக்கு.”

“தூணுக்கு அடியில துரு தெரியுதே.”

“அது மழைத்துரு சார். மேலாப்புல.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அவர் அப்படித்தாங்க. வீட்டைப் பூட்டிட்டு மூணு தடவை பூட்டைப் பிடிச்சுத் தொங்கிப் பாப்பாரு. இருமல் மருந்துல தேதி பாக்காம மூடியைத் திறக்க விடமாட்டாரு. அதனாலதான் எங்க போறோம்னே சொல்லாம கூட்டிட்டு வந்தேன். வாசல்ல போர்டைப் பாத்ததுமே மூஞ்சியில ஈயாடலை.”

வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

முதலில் நின்ற தடியான இளைஞன் காலைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தான். கம்பி கிறீச்சிட்டது. தூண் ஒரு விரல்கடை முன்னால் சாய்ந்து, பழையபடி நிமிர்ந்தது. அடியில் இருந்த நட்டு ஒன்று கால் சுற்று சுற்றி நின்றதை அவர் தன் கண்ணாலேயே பார்த்தார்.

“தூண் ஆடுதுங்க.”

“ஆடினாத்தான் சார் நல்லது. ஆடலைன்னா முறிஞ்சிரும்.” கொக்கிக்காரர் இதைப் பலமுறை சொல்லிப் பழகியவர் போலிருந்தார். “சந்தேகமா இருந்தா அதோ பாருங்க, லைசன்ஸ் மாட்டியிருக்கு. போன மாசம்தான் ஆபீசர் எல்லாத்தையும் சோதிச்சுப் பாத்து எழுதிக் குடுத்திருக்காரு.”

மேடையோரச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு தாள் இருந்தது. அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

“அவர் வந்ததை நீங்க பாத்தீங்களா?”

“நான் அன்னைக்கு லீவு. வராமலா சார் கையெழுத்துப் போடுவாங்க?”

அப்பா மேடை விளிம்புக்குப் போனார். கீழே எட்டிப் பார்த்தார். பாறைகள், அவற்றுக்கு நடுவே வாய்க்கால் அளவுக்குத் தெரிந்த ஆறு. நடுக்கம்பியில் ஒரு மஞ்சள் ஹெல்மெட் தொங்குவதாக நினைத்துப் பார்த்தார். நினைப்பே போதுமாக இருந்தது.

“ஏங்க, நாள் பூரா ஆபீஸ்ல ஃபைலைப் புரட்டுறவருக்குக் கம்பியைப் பத்தி என்ன தெரியும்?” என்றாள் மனைவி. “தினம் நூறு பேரை அனுப்புறாங்க. தாளைக் குடுங்க, நானே போட்டுடறேன்.”

“வேண்டாம்.”

அந்தக் குரலில் வரிசையின் சிரிப்பு அடங்கியது. அவர் மண்டிபோட்டு மகளின் பெல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தார். வியர்வையில் விரல் வழுக்கியது. இதற்குள் இரண்டாவது ஆளும் போய்விட்டார். நட்டு இன்னொரு கால் சுற்று சுற்றியது.

“எங்க கிளாஸ்ல எல்லாரும் போயிட்டாங்கப்பா. நான் மட்டும்தான் போகலை,” என்று மகள் அழுதாள்.

“பரவாயில்லை கண்ணு. வா, போயிடலாம்.”

அவளை இழுத்துக்கொண்டு படியிறங்கினார். கடைசிப் படியில்தான் அவருக்கு மூச்சு வந்தது. நம் பிள்ளை தப்பித்தது, அது போதும் என்று நினைத்தார்.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். “அப்பா, எனக்குப் பின்னால நின்ன பாப்பாவுக்குக் கொக்கி மாட்டுறாங்க. அவ மட்டும் போலாமா?”

ஏழு வயது இருக்கும். ஹெல்மெட்டுக்குக் கீழே இரண்டு பின்னல். அவளுடைய அம்மா படம் எடுக்கப் போனைத் தயாராகத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் மகளின் கையை விட்டுவிட்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஏறினார்.

“நிறுத்துங்க. கொக்கியைக் கழட்டுங்க. இன்னைக்கு யாரும் போகக்கூடாது.”

கொக்கிக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. “உங்க பிள்ளையை அனுப்ப இஷ்டமில்லைன்னா விடுங்க சார். லைசன்ஸ் இருக்கிற இடத்தை நிறுத்தச் சொல்ல நீங்க யாரு?”

அப்பா சுவரிலிருந்த லைசன்ஸ் சட்டத்தைக் கழற்றி எடுத்தார். கையில் கசங்கிக் கிடந்த சம்மதத் தாளை நீவி, அதில் இப்போதுதான் கையெழுத்துப் போட்டார். இரண்டையும் அருகருகே வைத்து நீட்டினார்.

கொக்கிக்காரர் இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார். அதே சுழி, அதே வால், அடியில் அதே இரண்டு புள்ளி. அவர் கை தானாகவே போய்க் குழந்தையின் கொக்கியைக் கழற்றியது.

“சார், அப்ப போன மாசம் வந்து எல்லாத்தையும் சோதிச்சுப் பாத்தது நீங்கதானா?”

மனைவி பின்னால் வந்து நிற்பது தெரிந்தும் அவர் திரும்பவில்லை.

“இல்லைங்க,” என்றார். “நான் இங்க வர்றதே இன்னைக்குத்தான் முதல் தடவை.”