கள்ளிச்செடிக்குக் கல்லுச்சில்லு

மயிலாடி கல்பட்டறையில் வந்து நின்ற ஜெபகனிக்கு மூச்சு வாங்கியது.

"கள்ளிச்செடிச் சட்டியில போட கொஞ்சம் கல்லுச்சில்லு தா மக்கா. தண்ணி வடியலேன்னா வேரு அழுவிப்போவும்."

கல்லொன்றில் எழுத்து கொத்திக்கொண்டே சிற்பி ஸ்ரீகுமார் மூலையிலிருந்த குவியலைக் காட்டினான். "அள்ளிக்கிடுங்க அக்கா."

"அது வேண்டாம். ஒனக்க உளிக்குக் கீழ கிடக்கது போதும்."

"எல்லாம் ஒரே கல்லுதான?"

ஜெபகனி முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்து பொறுக்கினாள். "எனக்க வீட்டுக்காரரு வளத்த செடி. நான் தண்ணி ஊத்தியே கொன்னுருவேன்னு தொடவே விடமாட்டாரு. இனி நான்தான் பாக்கணும்."

"அவரு எங்க போயிட்டாரு?"

ஜெபகனி முந்தானையால் அவன் உளிக்கு முன்னால் இருந்த கல்லறைக் கல்லைத் துடைத்தாள். காலையிலிருந்து அவன் கொத்திய பெயர் தெளிந்தது: ரசலையன்.

"இந்தச் சில்லெல்லாம் அவருக்க பேருல இருந்து உதிர்ந்ததுல்லா மக்கா."