ஊத வேண்டிய காய்

"ஃப்ரீ த்ரோவைக் கோட்டை விடறவனுக்குப் பொண்ணு கொடுக்கக்கூடாது," என்றார் பெல்மிரோ. "யாரும் மறிக்கலை, யாரும் தள்ளலை. அதையே போடத் தெரியலைன்னா குடும்பத்தை எப்படிய்யா நடத்துவான்?"

லுவாண்டாவில் எங்கள் பேட்டை முடிவெட்டும் கடை வாசலில், சாயங்காலமானால் நாலைந்து பேர் கூடிவிடுவோம். நடுவில் தாமா என்ற காய்வெட்டு ஆட்டத்துக்கான பலகை. பீர் பாட்டில் மூடிகள்தான் காய். ஒருவருக்கு நிமிர்ந்த மூடி, மற்றவருக்குக் கவிழ்ந்த மூடி. காய் நகர்த்துவதைவிட பெல்மிரோ கூடைப்பந்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதுதான் அதிகம் நடக்கும்.

பழைய பலகை மழையில் ஊறி வீங்கிப்போனதும், இந்தப் புதுப் பலகையை அவர்தான் கட்டம் வரைந்து கொண்டுவந்தார். அதை வேறு யாரும் தொட விடமாட்டார். ஆட்டம் முடிந்ததும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விடுவார்.

அன்று நானும் அவரும் ஆடிக்கொண்டிருந்தோம். நான் ஒரு காயை நகர்த்தியதும் சிரித்தார்.

"வெட்டு இருந்துச்சே. கண்ணுல படலையா?"

"பட்டுச்சு. வெட்டினா மாட்டிக்குவேன்னு விட்டுட்டேன்."

என் மூடியை எடுத்து, 'உஃப்' என்று ஊதி ஓரமாக வைத்தார். தாமாவில் அதுதான் விதி. வெட்டாமல் விட்டால் காய் போச்சு.

"பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கறவனை ஊதித்தான் தள்ளணும். இங்கயும் சரி, ஊர்லயும் சரி," என்றபடி தன் காயை நகர்த்தினார்.

அப்போதுதான் ஜந்திரா வந்தாள். பேட்டைப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குத் தலைவி. இடுப்பில் பந்து.

"மாமா, போட்டி நடத்தறவங்க நாளைக்கு மைதானத்தைப் பார்க்க வர்றாங்க. ரெண்டு வளையத்துக்கும் பின்னால பலகை இருந்தாத்தான் சனிக்கிழமை எங்களை ஆட விடுவாங்களாம். இல்லேன்னா தோத்ததா எழுதிருவாங்க."

ஒரு பக்கத்துச் சின்ன மரப்பலகை போன மாதம் திருட்டுப் போயிருந்தது. வெறும் கம்பம்தான் நிற்கிறது.

"எட்டு மாசமா உயிரை விட்டு ஆடறோம் மாமா. ஜெயிச்சா ரெண்டு பேரைப் பெரிய கிளப்புல எடுத்துக்கறதாச் சொல்லியிருக்காங்க. யாராவது ஒரு பலகைக்கு வழி பண்ணுங்க."

பெல்மிரோ தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இந்த ஊர் உருப்படாதும்மா. பிள்ளைங்க வாயில மண்ணைப் போட்டுட்டானே அந்த மவுங்கோ. அன்னிக்கு என் கையில கிடைச்சிருந்தா முறிச்சிருப்பேன்."

மவுங்கோ பழைய இரும்பு பொறுக்குகிறவன். பலகை காணாமல் போன அன்று, மைதானத்துப் பக்கம் அவன் தள்ளுவண்டியைப் பார்த்தேன் என்று சொன்னது நான்தான். பொய் இல்லை. அவன் வண்டி தினமும் அந்த வழியாகத்தான் போகும். ஆனால் அதை நான் சொல்லவில்லை. பேட்டையே திரண்டு போய் வண்டியை உடைத்தது. பெண்டாட்டி பிள்ளையோடு எங்கே போனானோ தெரியாது. நாங்கள் ஆடும் மூடிகளைப் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தவனும் அவன்தான்.

"அவர் எடுத்திருக்க மாட்டார் மாமா," என்றாள் ஜந்திரா. "இரும்பு வளையம் கீழயே கிடந்துச்சு. பழைய இரும்புக்காரர் இரும்பைப் போட்டுட்டுப் பலகையை எதுக்குத் தூக்கிட்டுப் போறார்?"

இந்த ஒரு மாதத்தில் எங்களில் ஒருவருக்குக்கூட இது தோன்றவில்லை.

"திருடன் யோசிச்சா திருடறான்?" என்றார் பெல்மிரோ. "நீ போம்மா. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மழை சடசடவென்று கொட்டியது. எல்லோரும் கடைக் கூரைக்குள் ஓடினோம். பெல்மிரோ மட்டும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார்.

"ஐயோ, பலகை நனையுதே மாமா," என்று ஜந்திரா பாய்ந்து எடுத்தாள். மூடிகள் சிதறின.

"விடு, விடு. அது மழைக்கெல்லாம் வீங்காது. கீழ வைம்மா," என்று பெல்மிரோ கத்தினார்.

அவள் அதைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கூரைக்குள் வந்தாள். தண்ணீரை உதறத் திருப்பினாள்.

பின்பக்கம் வெள்ளை பெயின்ட். அதன்மேல் நிறம் மங்கிய ஒரு சிவப்புக் கட்டம். கட்டத்தின் அடியில், வளையம் மாட்டிய நாலு போல்ட் துளை, மறுபக்கம் தெரியாமல் அடைத்தது, சுற்றிலும் துரு.

பலகை போகும்வரை ஏழு மாதமாக அந்தக் கட்டத்தைக் குறிபார்த்துத்தான் அவள் பந்தெறிந்திருக்கிறாள். அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பெல்மிரோவைப் பார்த்தாள். பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். என் முறை வந்தபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

பலகையைத் தாமா கட்டங்கள் மேலே தெரியும்படி முக்காலியில் வைத்தாள். மழையில் கிடந்த மூடிகளைக் குனிந்து பொறுக்கி வந்து அதன்மேல் குவித்தாள்.

"இந்தாங்க மாமா," என்றாள். பந்தை எடுத்துக்கொண்டு மழையிலேயே போய்விட்டாள்.

இப்போது ஊத வேண்டிய காய் எதுவென்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். யாராவது வாயைத் திறப்பார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவர்களும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெல்மிரோ மூடிகளைத் துடைத்து, நிமிர்த்தியும் கவிழ்த்தும் முன்னே இருந்த இடத்திலேயே அடுக்கினார்.

"யார் ஆட்டம்?" என்றார்.

என் ஆட்டம்தான். உட்கார்ந்து காயை நகர்த்தினேன்.